ஓடாத முயல்

பூட்டுக்காரருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. தங்கை வீட்டுச் சமையலறையில் தனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடியும் உட்கார்ந்தார். அடுப்பில் முயல் வெந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணா, பசியா?" என்றாள் தங்கை. "இன்னும் வேகலை. இன்னிக்கு என்னமோ கறி கல்லு மாதிரி இருக்கு. நிறமும் கருப்பா இருக்கே?"

"அது... காட்டு முயல்னா அப்படித்தான்."

"அப்போ போன மாசம் கொண்டு வந்தது?"

"அதுவும் காட்டு முயல்தான். இது வேற பக்கத்துக் காடு."

வாய் கூசாமல் பொய் சொல்வதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் அன்றைக்குச் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் அடுப்பை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். கடைத்தெருக் கோடியில் ஒரு சின்னப் பூட்டுக் கடை. சாவி வெட்டித் தருவார், திறக்க மறுக்கும் பூட்டைத் திறந்து தருவார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறையில் படுக்கை. வாரம் முழுவதும் அவரிடம் பேச வருகிறவர்கள் எல்லாம் சாவியைத் தொலைத்த எரிச்சலில் வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அங்கே அவர் பூட்டுக்காரர் இல்லை, 'துப்பாக்கி மாமா'. மாதத்துக்கு ஒரு முறை முயல் சுட்டுக் கொண்டு வருகிற மனிதர். அந்த மேஜையில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தட்டில் கை வைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒரு மனிதனுக்கு அப்படி ஒரே ஒரு நாற்காலி இருந்தால், அதைக் காப்பாற்ற அவன் என்னதான் செய்ய மாட்டான்!

நிஜமாகவே ஒரு காலத்தில் சுட்டவர்தான். உரிமம் வாங்கிய துப்பாக்கி இன்னும் இருக்கிறது. கண் மட்டும்தான் இல்லை. தூரத்தில் இருப்பது புகையாகத் தெரியும், பக்கத்தில் இருப்பது அதைவிட மோசம். கடையில் கண்ணாடி போட்டுக்கொள்வார். துப்பாக்கியைத் தூக்கும்போது போட மாட்டார். வேட்டைக்காரனுக்கு மூக்குக் கண்ணாடியா என்று ஒரு வீம்பு. ஒரு முறை வெறுங்கையோடு திரும்பியவர், வழியில் இருந்த முயல் பண்ணையில் ஒன்றை வாங்கி, தலையை எடுத்து, தோலுரித்து, இரண்டு ஈயக் குண்டுகளைக் கட்டை விரலால் சதைக்குள் அமுக்கிக் கொண்டு வந்தார். சாவித் துவாரத்துக்குள் கம்பியை விட்டுத் துழாவிப் பழகிய விரல்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. அன்று கிடைத்த மரியாதையில் மயங்கி மறு மாதமும் அதையே செய்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பண்ணைக்காரரும் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு வியாபாரம் நடந்தால் சரி.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் தங்கையின் மகள், அவருக்கு மருமகள் முறை, உண்டாகியிருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் குமட்டல், எதைக் குடித்தாலும் வாந்தி. போன மாதம் மாமா கொண்டு வந்த முயலும் அதன் ஈரலும் மட்டும்தான் அவள் வயிற்றில் தங்கின. இந்த வாரம் அவளே போன் செய்தாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமை முயல் கொண்டு வர்றீங்களா? வேற எதை நினைச்சாலும் கொமட்டுது."

முடியாது என்று சொல்ல அவருக்கு எந்த வாய் வரும்? வரேன் கண்ணு என்று சொல்லிவிட்டு நேரே பண்ணைக்குப் போனார். வாசல் கேட்டில் பூட்டு. அவர் கடையில் விற்ற பூட்டுதான். போன் அடித்தால், "மகள் வீட்டுக்கு வந்திருக்கேன் சார், அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார் பண்ணைக்காரர். சந்தையில் இன்னொருவர் முயல் விற்கிறார். ஆனால் அவர் தங்கை புருஷனுக்குச் சிநேகிதர், அங்கே வாங்கினால் விஷயம் சாயங்காலத்துக்குள் ஊர்வலம் போய்விடும்.

வேறு வழியில்லாமல் அன்று விடிந்ததும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே வயல் ஓரமாக நடந்தார். எது கல், எது முயல், எது புதர் என்று தெரியாமல் நடந்தார். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது வேலியடியில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. கிட்டே போனார். ஓடவில்லை. இன்னும் கிட்டே போனார். தலையைக் கொஞ்சம் ஆட்டியது, அவ்வளவுதான். குனிந்து கையாலேயே தூக்கினார். கையில் துணி மாதிரி தொங்கியது.

ஓடாத முயலைத் தொடக் கூடாது என்பது துப்பாக்கி பிடித்த யாருக்கும் தெரியும். சுகமாக இருக்கிற முயல் மனிதனைக் கண்டால் நிற்காது. நின்றால் உடம்புக்குள் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும், ராத்திரிக் குளிரில் விறைத்திருக்கும் என்று தனக்குத் தானே காது குத்திக்கொண்டார். கழுத்தைத் திருகினார். பிறகு அதைத் தரையில் போட்டுவிட்டு, நாலு எட்டு பின்னால் போய், சுட்டேன் என்று சொல்வதற்காக ஒரு முறை சுடவும் செய்தார். இந்த இடத்தில் அவரைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டலாம்.

கடைக்குப் பின்னால் குழாயடியில் வயிற்றைக் கீறி ஈரலை எடுத்தபோதுதான் அவர் விரல் நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கருஞ்சிவப்பாக, வழக்கமான ஈரலாகத்தான் தெரிந்தது. ஆனால் விரலுக்கு நெருடியது. வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் பொடி மணல் தூவினாற்போல் ஓர் உறுத்தல். தேய்ந்த சாவியின் பல்லை இருட்டிலும் தடவிச் சொல்லும் விரல் பொய் சொல்லாது. அவர் அதை நம்ப மறுத்தார். மறுத்தாரே தவிர, ஈரலைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, தங்கையிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

போகிற வழியிலாவது யோசித்துத் திரும்பியிருக்கலாம். ஆனால் வாசலிலேயே தங்கை நின்றிருந்தாள். பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். பின்னால் அவள் புருஷன், பஸ் டிப்போவில் டைம்கீப்பர், சிரித்தபடி வந்தார்.

"வாங்க மச்சான். இன்னிக்கு எப்படி? நின்னு குடுத்துச்சா, ஓட விட்டுச்சா?"

"நிக்கறதாவது! என்ன ஓட்டம் தெரியுமா மாப்பிள்ளை! வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பாய்ச்சல், அந்தப் பக்கம் ஒரு பாய்ச்சல். காத்துல சுட்டேன், பொத்துன்னு விழுந்துச்சு."

வாய் பழக்கத்தில் தானாகவே முயலை ஓட்டிவிட்டது. மாப்பிள்ளை கண்ணைச் சிமிட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் நம்புகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று பூட்டுக்காரருக்கு இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பிடிபட்டதில்லை.

"ஈரல் எங்க அண்ணா? பொண்ணுக்கு அதுதானே பிடிக்கும்?" என்று தங்கை உள்ளேயிருந்து கேட்டாள்.

"குண்டு பட்டுச் சிதறிப்போச்சும்மா. எறிஞ்சுட்டேன்."

இவ்வளவும் காலையில் நடந்தது. இப்போது அடுப்பில் கொதிக்கிறது. மாடியிலிருந்து மருமகள் இரண்டு முறை எட்டிப் பார்த்து, "ஆச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் குரலில் பசி இருந்தது. வாரக்கணக்காக அந்த வீட்டில் யாரும் கேட்காத சந்தோஷச் சத்தம் அது. தங்கையின் முகம் அதைக் கேட்டே மலர்ந்திருந்தது.

"ஏம்மா, ஏதோ ஒரு வாடை வரலை?" என்று மெல்ல ஆரம்பித்தார்.

தங்கை மூடியைத் திறந்து முகர்ந்தாள். "நல்ல வாசனையா இருக்கு. என்ன வாடை?"

"இல்ல... லேசா... கெட்டுப்போன மாதிரி."

"காலைல சுட்டது அதுக்குள்ள எப்படிக் கெடும்? உங்க மூக்குல என்னமோ." அவள் கரண்டியால் ஒரு துண்டைக் குத்திப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் வேகணும்."

அவருக்கே தெரியும், இது நாற்றத்தில் தெரிகிற சமாச்சாரம் இல்லை. நோயுள்ள முயலும் பார்வைக்கும் மூக்குக்கும் நல்ல முயல் போலத்தான் இருக்கும்.

"நீ வெட்டும்போது கையில உறை கிறை போட்டுக்கிட்டியா?"

"என்னிக்குப் போட்டேன், இன்னிக்குப் போட?"

"கையில வெட்டுக் காயம் ஏதாவது இருக்கா?"

தங்கை திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன ஆச்சு இன்னிக்கு? முட்டையிட இடம் தேடுற கோழி மாதிரி அடுப்பையே சுத்திச் சுத்தி வர்றீங்க."

"இல்லம்மா, எங்கேயோ படிச்சேன். காட்டு முயல் பச்சை மாமிசத்துல ஏதோ காய்ச்சல் கிருமி இருக்குமாம். கையை சோப்பு போட்டு நல்லாக் கழுவிடு."

"கழுவியாச்சு. எந்தக் கிருமியா இருந்தாலும் இந்தக் கொதியில செத்துடும். போய் உக்காருங்க."

அது வாஸ்தவம்தான். எலும்பு வரைக்கும் நன்றாக வெந்தால் கிருமி சாகும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நன்றாக வேகட்டும், இன்னும் வேகட்டும், பஞ்சாக வேகட்டும். மூச்சு கூடச் சீராக வந்தது. அப்போது பார்த்து, அந்த வேலியோரம் நினைவுக்கு வந்தது. வேலிக் கம்பங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கறுப்புப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். எலி மருந்துப் பெட்டிகள். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அவர் கால் அதில் இடறியது கூட. முயல் அதைத் தின்று சுருண்டிருந்தால்? கிருமி கொதியில் சாகும். மருந்து எங்கே சாகும்? அது இறைச்சியோடு இறைச்சியாக அப்படியே தட்டுக்கு வரும்.

நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் அது பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான் இறக்கி வைக்கிறேன்" என்று பாத்திரத்தின் இரண்டு காதையும் துணியால் பிடித்தார். கை தவறியது போல் தொட்டியில் கொட்டிவிடுவது என்று திட்டம். ஒரு நிமிஷக் கூத்து, ரெண்டு வசவு, விஷயம் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது, நாற்காலியும் பத்திரம்.

"அட, விடுங்க மச்சான்!" மாப்பிள்ளை எங்கிருந்தோ பாய்ந்து வந்து பாத்திரத்தைத் தாங்கிக்கொண்டார். "சுட்டதும் நீங்க, சுமக்கறதும் நீங்களா? நான் எதுக்கு இருக்கேன்?" அலுங்காமல் குலுங்காமல் அதை மேஜை மேல் கொண்டு போய் வைத்தார். இந்த மனிதர் தன் வாழ்நாளில் சமையலறையில் செய்த ஒரே உதவி அதுவாகத்தான் இருக்கும்.

பூட்டுக்காரர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். விளக்கைப் போட்டார். பைக்குள் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிளாஸ்டிக் பையைக் கழுவு தொட்டி மேல் பிரித்தார். கையால் தொடவில்லை, பையோடு சேர்த்து வெளிச்சத்தில் விரித்தார்.

புள்ளிகள். ஊசித் தலை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். ஈரல் முழுக்க, விளிம்பு வரைக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். புள்ளிகள் மறைந்தன. நல்ல ஈரல். மாட்டினார். புள்ளிகள். இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டினார். எந்த முட்டாள் இப்படிச் செய்வான் என்று நாம் கேட்கலாம். பயந்துபோனவன் செய்வான். கழற்றினால் துப்பாக்கி மாமா, மாட்டினால் ஒரு பொய்யன். கண்ணாடிக்குள் இருந்தது அந்த இரண்டுதான்.

வெளியே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மாடிப்படியில் மருமகள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. மெதுவாக, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

அவர் தாழ்ப்பாளை நீக்க முயன்றார். நாள் முழுக்கப் பூட்டோடு குடும்பம் நடத்துகிற மனிதருக்கு ஒரு சாதாரணத் தாழ்ப்பாள் நகர மறுத்தது. தப்புப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். திறந்துகொண்டு ஓடி வந்தபோது மருமகள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கரண்டியில் ஒரு துண்டை எடுத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"தின்னாதே!"

அப்படி ஒரு கத்தல் அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. கரண்டி கீழே விழுந்தது.

"மாமா! பயமுறுத்திட்டீங்களே!"

"கை வைக்காதே. யாரும் கை வைக்காதீங்க. அது நல்ல முயல் இல்லை."

"நல்ல முயல் இல்லைன்னா?" தங்கைக்குக் கோபம் வந்தது. "காலையிலேருந்து நிக்கறேன் அடுப்படியில. என்ன விளையாட்டு இது?"

"அது ஓடலை" என்றார் பூட்டுக்காரர்.

மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். "பாத்தியா, மச்சான் புதுக் கதை ஆரம்பிச்சுட்டாரு. வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாஞ்ச முயல் இப்போ ஓடலையாம்!" மருமகளும் சிரித்தாள். தங்கை கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பூட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. வாய் நிறையப் பொய்யைச் சொன்னபோதெல்லாம் கையைக் கட்டிக் கேட்டவர்கள், முதல் முறையாக ஓர் உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். என்ன நியாயம் இது! ஆனால் நியாயம் கேட்கிற நேரமா அது? கையிலிருந்த பையை மேஜையிலிருந்து தள்ளி ஓரமாக, பாத்திரம் துலக்கும் இடத்தில் வைத்துப் பிரித்துக் காட்டினார்.

"பாருங்க. அதோட ஈரல். இந்த வெள்ளைப் புள்ளி தெரியுதா? நோவு பிடிச்ச முயல். கிட்டே வராதே கண்ணு, அங்கேயே நில்லு."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஈரல் சிதறிப்போச்சுன்னு சொன்னீங்களே மச்சான்?"

"பொய் சொன்னேன்."

"குண்டடி?"

"செத்த பிறகு சுட்டேன். வேலியோரமா உக்காந்திருந்துச்சு. கையாலதான் தூக்கினேன். அந்த வேலி முழுக்க எலி மருந்து வேற வச்சிருக்காங்க. நோவா, மருந்தா, ரெண்டுமா, எனக்குத் தெரியாது."

தங்கை பாத்திரத்தை மூடினாள். போய்க் கையைக் கழுவினாள், மறுபடியும் சோப்பைப் போட்டு முழங்கை வரை கழுவினாள். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பூட்டுக்காரர் அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார். போனது போகட்டும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தார். அப்போதுதான் மருமகளின் முகத்தைப் பார்த்தார். வெளிறிப்போன முகம். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

"அப்போ போன மாசம் நான் சாப்பிட்டது?" என்றாள்.

"அது நல்லது கண்ணு. அதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஈரலையும் சாப்பிட்டேனே மாமா."

"நல்ல ஈரல். நான் பாத்தேனே."

"கண்ணாடி போட்டுக்கிட்டா பாத்தீங்க?" அவள் அவர் மூக்கைப் பார்த்தாள். குளியலறையில் மாட்டியது இன்னும் அங்கேயே இருந்தது. "உங்களைக் கண்ணாடியோட நான் பாத்ததே இல்லையே."

"அது... அது நல்லா ஓடுச்சு. என்னா ஓட்டம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மருமகள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அழுவதற்குக்கூட மூச்சு பற்றாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். தங்கை ஓடி வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "டாக்டருக்கு போன் போடுங்க" என்று கத்தினாள். மாப்பிள்ளை போனை எங்கே வைத்தோம் என்று சட்டைப் பையையும் அலமாரியையும் மாறி மாறித் தடவினார்.

பூட்டுக்காரர் நின்றார். இன்னும் ஒரே ஒரு வார்த்தை இருந்தது அவரிடம். அதைச் சொன்னால் இந்த ஒரு முயல் மட்டும் போகாது, இத்தனை வருஷத்து முயலும் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் பிரசவம் வரைக்கும் ஒவ்வொரு இரவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழித்திருப்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அவருக்கு இருந்தது. மனிதர் ஒரு கணம் யோசிக்கவே செய்தார். அதற்காகப் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

"அது பண்ணை முயல்" என்றார்.

"என்னது?"

"போன மாசம் கொண்டு வந்தது பண்ணையில வாங்கினது. அதுக்கு முந்தின மாசமும். எல்லாமே. பல வருஷமா. எனக்குக் கண்ணு தெரியலை. குண்டை நானே உள்ள வச்சேன்."

தங்கை அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "போதும் அண்ணா. அவளைச் சமாதானப்படுத்தறதுக்காக இப்படி எல்லாம் சொல்லாதீங்க."

நம்பவில்லை! கடைசி உண்மையையும் அவர்கள் நம்பவில்லை. பூட்டுக்காரர் தன் போனை எடுத்தார். எண்ணைத் தட்டினார், ஒலிபெருக்கியைப் போட்டார், மருமகளுக்கு எதிரே மேஜையில் வைத்தார். மணி அடித்தது. எடுத்த குரல் உற்சாகமாக இருந்தது.

"என்ன சார், அவசரமா? அதான் அடுத்த வாரம் வந்துடுவேன்னு சொன்னேனே! வழக்கம் போலத் தலையை எடுத்து, தோலை உரிச்சு ரெடியா வைக்கிறேன். குண்டு வைக்க ரெண்டு ஓட்டையும் நானே போட்டுடவா? போன தடவை கை வலிக்குதுன்னீங்களே."

மருமகள் போனை இழுத்துக்கொண்டாள். "சார், போன மாசம் குடுத்தீங்களே, அந்த முயல் என்ன தின்னுச்சு?"

எதிர் முனையில் கொஞ்சம் திகைப்பு. "யாரும்மா? புல்லு, கேரட்டு, தீவனம். எல்லாம் கூண்டுக்குள்ளேயேதான். மாசா மாசம் கால்நடை டாக்டர் வந்து பாக்கறாரு. ஏம்மா, ஏதாவது குறையா?"

"இல்ல சார். ஒரு குறையும் இல்ல." அவள் போனை வைத்தாள். பெரிய மூச்சு ஒன்று உள்ளே போய் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க முதல்ல கையைக் கழுவுங்க மாமா" என்றாள். "கையுறை போடாம அதைக் கிழிச்சிருப்பீங்க. நாளைக்கு நீங்களும் அம்மாவும் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."

கழுவினார். தங்கை அவர் கையில் துண்டைக் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. மேஜையில் ரொட்டியை எடுத்து வைத்தாள், ஊறுகாயை வைத்தாள், அவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். அதில் போய் உட்கார அவருக்குக் கால் வரவில்லை. பாத்திரத்தையும் ஈரலையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். நாய் தோண்டாத ஆழத்துக்குப் புதைக்க வேண்டும்.

மாப்பிள்ளை மண்வெட்டியோடு பின்னாலேயே வந்தார். வரட்டும், இனிமேல் கிண்டலுக்கு என்ன குறைச்சல் என்று பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை தோண்டினார். மண் இறுகிக் கிடந்தது.

"டிப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன் மச்சான்" என்றார், நிமிராமல். "டிரைவருங்க, கண்டக்டருங்க, எல்லார்கிட்டயும். என் மச்சான் ஓடற முயலைக் காத்துல சுடுவாருன்னு. திங்கக்கிழமை காலைல முதல் பஸ் போனதும் வந்து நிப்பாங்க, இந்த வாரம் என்ன கதைன்னு கேக்க. அதுல ஒருத்தன் அவன் பையனுக்குத் தினமும் இதைச் சொல்லித்தான் தூங்க வைக்கிறானாம்."

அவர் இத்தனை வருஷம் கண்ணைச் சிமிட்டியதைக் கிண்டல் என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் டிப்போவில் சொல்வதற்காக மனிதர் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறார். எல்லார் முன்னாலும் குட்டு உடைந்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

"சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றார் பூட்டுக்காரர். "எல்லாம் பொய்யின்னு சொல்லிடுங்க. கேக்கறவங்க என்னைப் பாத்துத்தானே சிரிப்பாங்க."

மாப்பிள்ளை பாத்திரத்தைக் கவிழ்த்துக் குழிக்குள் கொட்டினார். ஈரலைப் பையோடு போட்டார். மேலே மண்ணைத் தள்ளினார், காலால் மிதித்தார், நெற்றியைத் துடைத்தார். அப்புறம் மண்வெட்டியை ஊன்றி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"வேணாம்" என்றார். "இந்த வாரம் முயல் தப்பிச்சு ஓடிடுச்சுன்னு சொல்லிக்கறேன்."